வாங்க என்று அழைத்தவள்

1979ஆம் ஆண்டு, ஐப்பசி மழை. டாக்டர் சுலோசனாவின் பிரசவ மருத்துவமனையில் கனீஸ் பாத்திமா ரிசப்ஷனிஸ்டாகச் சேர்ந்தாள். புதுச்சேரி கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே இருந்த பழைய பிரெஞ்சு வீடு அது. உயரமான கதவுகள், மரப்படிகள், பகலிலும் இருட்டடைந்து கிடக்கும் கூடம்.

"ரிசப்ஷனிஸ்ட்டுன்னா என்னா வேலைம்மா?" பெருக்கிக்கொண்டிருந்த கொளஞ்சி கேட்டாள்.

"வரவேற்பாளர். வர்றவங்கள வாங்கன்னு கூப்புடணும்க்கா."

துடைப்பம் நின்றது.

"ஆளப் பாத்துட்டுக் கூப்புடு. இந்த வீட்டுல ஒருத்தி பிரசவத்துல செத்துட்டா. புள்ளையத் தேடிக்கிட்டு வாசல் வரைக்கும் வருவா. கூப்புடாம உள்ள வரமாட்டா."

பாத்திமா சிரித்துவிட்டாள்.

மதியம் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் இல்லை. மேசையில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு கிரீச்சிட்டது. டெட்டால் வாசனையை அமுக்கிக்கொண்டு ஈரமண்ணும் பால் கவிச்சியும் வீசின.

"வாங்க, உக்காருங்க," என்றாள், தலை நிமிராமலே.

பிரம்பு நாற்காலி முனகியது.

நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை. நாற்காலியின் பின்னல் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது.

மெல்ல அது நிமிர்ந்தது.

சிவப்புத் தரையில் ஓர் ஈரப் பாதம் பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. மரப்படி கிரீச்சென்றது.

மேலே அறையில், நேற்றுப் பிறந்த பெண்குழந்தையை அணைத்தபடி அஞ்சலாட்சி தூங்கிக்கொண்டிருந்தாள்.

தெருக்கதவு திறந்தே இருந்தது. ஓடிவிடலாம். பாத்திமா படியேறி ஓடினாள். பாதியில் ஏதோ குளிர்ந்த ஒன்று தோளில் உரசியது. அதைத் தாண்டிப்போய் அறை வாசலை இரு கைகளாலும் மறித்து நின்றாள்.

ஈரப் பாதங்கள் வந்தன. அவள் கால்விரல்களை ஒட்டி நின்றன.

முகத்தில் மூச்சுக்காற்று பட்டது.

"பாக்குற நேரம் முடிஞ்சிடுச்சிங்க." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "போயிட்டு வாங்க."

நெடுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு பாதங்கள் திரும்பின. ஒவ்வொரு படியாக இறங்கின. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அஞ்சலாட்சி விழித்து அதை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

பாத்திமா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மாடிக்கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கொளஞ்சி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"என்னான்னு சொல்லி அனுப்புன? போயிட்டு வாங்கன்னா?"

"பழக்கத்துல வந்துடுச்சிக்கா..."

கீழே, வாசலருகிலிருந்து ஒரு பெண்குரல் இதமாகச் சொன்னது:

"வரேம்மா."