கழற்றி வைத்த காப்பு

பித்தளையைக் கடைந்தால் சுருள் வராது, தூளாகத்தான் உதிரும். யூடியூப் பார்த்து பிச்சைமுத்து கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். அப்படியிருக்க, லேத் மெஷினின் அடித்தட்டில், பொன்னிறத் தூளுக்கு நடுவே, ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சளாக ஏதோ சுருண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தார். நூல். நனைந்திருந்தது. மெஷின் எண்ணெயின் கருகல் வாடையையும் மீறி, அப்போதுதான் அரைத்த பச்சை மஞ்சளின் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது.

"துடைக்கிற துணியிலேருந்து வந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

ஓய்வு பெற்ற பிறகு மனுஷருக்கு வந்த ஆசை இது. கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த காலமெல்லாம் லேத் ஓட்டுகிறவர்களை விரட்டு விரட்டென்று விரட்டியவர்; ஒருநாளாவது அதன் கைப்பிடியைத் தொட்டிருப்பாரா? கிடையாது. குருபோங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில், பச்சைப் பெயிண்ட் பளபளக்க நின்ற லேத்தைப் பார்த்ததும், நம்மால் ஆகாதா என்ன என்று வாங்கிவிட்டார். கடைக்காரன் வீட்டுக் கரண்டுக்கு ஏற்றபடி மோட்டாரை மாற்றி, லாரியில் கொண்டுவந்து கார் நிறுத்துகிற இடத்தில் இறக்கிவிட்டுப் போனான்.

"வாங்குன காடி தெருவுல வெயில்ல காயுது, இந்த இரும்புக்கு நெழலாக்கும்?" என்று அவர் மனைவி ஜானகி சத்தம் போட்டாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நூல் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் இரண்டு சாண். தட்டை வழித்துத் துடைத்து, பழைய துணிகளையெல்லாம் வெளியே எறிந்துவிட்டுப் பார்த்தால், நீளமான திருகுத் தண்டின் பள்ளங்களுக்குள் வரி வரியாக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து சுற்றியதுபோல், மஞ்சள் நூல். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. கடைசியில் விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. நூலின் நுனியில் முடிந்திருந்த ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

காப்புக் கயிறு. விரதக்காரர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. பிச்சைமுத்துவின் கண் மெஷினின் அடிப்பக்கம் போனது.

மெஷினின் கீழே, நீளப் பட்டையாக ஒரு கால் பிரேக் இருந்தது. மிதித்தால், துண்டைக் கடித்துப் பிடித்துச் சுற்றுகிற சக் உடனே நிற்க வேண்டும். வாங்கியதிலிருந்து அது வேலை செய்யவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். இப்போது தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக் சுவிட்சின் வயர்களைக் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, சிவப்பு டேப் சுற்றியிருந்தது. பச்சைப் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். அடியில் நீலம். அவருடைய கம்பெனியின் நீலம்.

அந்த வயர்களை முறுக்கச் சொன்னதே அவர்தான்.

கம்பெனியில் அப்போது சுவிட்சு கோளாறாகி மெஷின் அடிக்கடி நின்றது. ஆளைக் கூப்பிட்டுப் பழுது பார்த்தால் ஆர்டர் தாமதமாகும். "கழட்டிக் கட்டிப் போடுங்கடா, ஓடட்டும்" என்றார். ஓடியது. அதை ஓட்டிய கணேஸ்வரனின் சட்டைக் கையை இழுத்துக்கொண்ட பிறகும் ஓடியது. அந்தப் பிள்ளை பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான். உடம்பைத்தான் வெளியே எடுத்தார்கள்.

விசாரணையில் பிச்சைமுத்து கூசாமல் சொன்னார்: "மாசி மகத்துக்குக் காவடி எடுக்கக் காப்புக் கட்டியிருந்தான். அந்தக் கயிறு சக்குல மாட்டி இழுத்திருச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள். அவன் மனைவி தேவிஸ்ரீ மட்டும் வாசல்வரை துரத்தி வந்து கதறினாள்.

"மெஷின் வேலைன்னு காலையிலேயே கழட்டி, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டு, படத்துல மாட்டிட்டுத்தான் போனாரு, அங்கிள்! அவரு கையில ஒண்ணுமே இல்ல!"

அதுவே அவளுக்கு வினையானது. விரதத்தின் நடுவில் காப்பைக் கழற்றலாமா, சாமி சும்மா விடுமா என்று சொந்தக்காரர்களே அவள்மேல் பாய்ந்தார்கள். கட்டியிருந்தான் என்றால் அவன் தப்பு; கழற்றினான் என்றால் சாமி குற்றம். பிச்சைமுத்து மேல் ஒரு தூசி ஒட்டவில்லை. போகும்போது தேவிஸ்ரீ அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "நீங்க சொன்ன கயிறு, ஒருநாள் உங்களத் தேடி வரும்."

தரையிலிருந்து எழுந்ததும் இரும்புக் கடைக்குப் போன் போட்டார். நாளைக் காலையில் வந்து தூக்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டார். சக் கடித்துக்கொண்டிருந்த பித்தளைத் துண்டை மட்டும் கழற்றி எடுத்துவிட்டால் போதும்.

மாலை மழை தகரக் கூரையில் கொட்டியது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. வாசல் கதவில் ஜானகி வந்து நின்றாள்.

"இங்க எதுக்கு இப்படி மஞ்ச வாடை அடிக்குது?"

அவர் சக்கின்மேல் ஒரு கையை வைத்து, அதன் பிடியைத் தளர்த்தும் சாவியைத் திருகினார்.

"இன்னிக்கு பசார்ல தேவிஸ்ரீயப் பாத்தேங்க. எலும்பும் தோலுமா இருக்கா. அந்தக் கயிறு இன்னமும் சாமி படத்துலதான் தொங்குதாம். ஒரு மனுசர் நம்பினா போதும், நிம்மதியாப் போயிருவேன்னு அழுவுறா." ஜானகியின் குரல் தணிந்தது. "எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க. அந்தப் பையன் கையில கயிறு இருந்துச்சா, இல்லியா?"

மழைச் சத்தம். மஞ்சள் வாசம். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

"இருந்துச்சு," என்றார் பிச்சைமுத்து. "என் கண்ணால பாத்தேன்."

மணிக்கட்டு இறுகியது.

குனிந்து பார்த்தார். வலது கையில் மஞ்சள் கயிறு. மூன்று சுற்று. முடிச்சில் மஞ்சள் துண்டு. மறுமுனை சக்குக்குள் போயிருந்தது.

சுவிட்சு போடவில்லை. மோட்டார் சத்தம் இல்லை. சக் சுற்றியது.

மெதுவாக. அவசரமே இல்லாமல்.

காலை ஊன்றி இழுத்தார். கயிறு ஈரமாக, எண்ணெயாக, அறாமல் இருந்தது. இன்னொரு சுற்று. விரல்கள் இரும்பைத் தொட்டன. பிரேக்கை மிதித்தார். பட்டை லொடக்கென்று தரைவரை இறங்கியது. மறுபடி மிதித்தார். மறுபடி.

"இல்ல!" என்று அலறினார். "கயிறு இல்ல! அவன் கையில கயிறே இல்ல! நாந்தான் பொய் சொன்னேன்!"

சக் நின்றது.

மழை மட்டும் கேட்டது. பிச்சைமுத்து மூச்சு விட்டார்.

சக் சுற்றியது.

"ஐயோ ஜானகி! கயிறு இழுக்குது! அறுத்து விடு!"

ஓடிவந்தவள் அவர் கையைப் பிடித்தாள். மணிக்கட்டைத் தடவினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் கயிறுங்க? உங்க கையில ஒண்ணுமே இல்லியே!"

அவர் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. ஜானகி சுவருக்குப் பாய்ந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பினாள்.

பிடுங்கிய பிளக் அவள் கையில் தொங்கியது. சக் இன்னொரு சுற்று சுற்றியது.