அணையாத பெட்டி

வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு நாலடி நடந்த பிறகுதான் பிரவீனாவுக்கு என்னமோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தாள். கார் கொட்டாய்க்குள் அந்தி இருட்டு கவிந்திருந்தது. வண்டிக்குள் மட்டும் நீலமாக ஒரு வெளிச்சம் நின்றிருந்தது. பாட்டுப் பாடி வழியும் சொல்லுகிற அந்தப் பெட்டி அணையவில்லை.

இது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. போனே நாலு தடவை சொன்னால்தான் கேட்கிறது, வண்டி மட்டும் உடனே கேட்டுவிடுமா என்ன? கதவைத் திறந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரை அப்படியே இருந்தது. பாட்டு இல்லை, ரேடியோ இல்லை, ஆனாலும் நாலு கதவு ஸ்பீக்கரிலிருந்தும் மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது. யாரோ போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்தால் கேட்குமே, அந்த மாதிரி. காற்று வரும் துவாரத்திலிருந்து ஈர மண் வாசமும், அதற்கு அடியில் ஊறிப்போன சாக்கின் வாசமும் வந்தன. மல்லசமுத்திரம் பக்கம் மழை பெய்து மாசக்கணக்கில் ஆகிறது. எங்கிருந்து ஈரம் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பசி இழுக்கவே உள்ளே போய்விட்டாள்.

காலையில் பேட்டரி செத்திருந்தது.

அவள் புருஷன் குணசீலன் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். சட்டீஸ்கரிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. லாரி பேட்டரியிலிருந்து வயர் போட்டு காரை உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தான். "பூமிக்குள்ள அத்தன அடி எறங்கறவனுக்கு ஒரு பாட்டுப் பொட்டி பெருசா அம்மிணி? கொண்டு போயி வாரண்டில மாத்திக்க."

வாரண்டி என்பது வாங்கும்போது வாய் நிறையச் சொல்லுகிற சொல். கேட்கப் போனால் யாருக்கும் ஞாபகம் வராத சொல். டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த சர்வீஸ் சென்டரின் குளிர்ந்த அறையில், பிளாஸ்டிக் கப் காப்பியை வைத்துக்கொண்டு பிரவீனா காத்துக் கிடந்தாள். வண்டியை அங்கேயே விடச் சொன்னார்கள். விட்டாள். திரும்பப் போனபோது சர்வீஸ் அட்வைசர் நவீன்குமார் சிரித்த முகமாக வந்தான்.

"ராத்திரி பூரா இங்கயே நிறுத்திப் பாத்துட்டோமுங்க மேடம். ஒரு கொறையும் இல்லீங்க. சாவி எடுத்த ஒடனே கம்முனு அணைஞ்சுக்குது."

"அப்ப எங்க ஊட்டுல மட்டும் ஏனுங்க அணைய மாட்டேங்குது?"

"ஏதாச்சும் போன் கனெக்ட் ஆயிட்டே இருந்தா அப்படி ஆகுமுங்க. சீட்டுக்கடியில பழைய போன் ஏதாச்சும் கெடக்குதான்னு பாருங்க. இல்லீன்னா பக்கத்து ரூம்புல. செவுத்துக்கு அந்தப் பக்கம் வரைக்குந்தான் எட்டும், அதுக்கு மேல எட்டாதுங்க."

கார் கொட்டாய் வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் மூலையில் தனியாக நிற்கிறது. செவுரும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. சீட்டுக்கடியில் தேடினாள், ஒரு ஹேர்பின்தான் கிடைத்தது. அன்று சாயங்காலமே பெட்டி மறுபடி நீலமாக விழித்திருந்தது. காலையில் மறுபடி பேட்டரி செத்தது. மூன்றாம் முறை போனபோது, காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். அப்புறம்தான் மேனேஜர் என்ற ஒருவர் இருப்பதே தெரிந்தது. குறை இருக்கிறது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். புதுப் பெட்டி வரவழைத்து, பழையதைக் கழற்றி, வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் புதுத் திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் வெயிலில் மினுங்கியது. 'வீட்டின் இடத்தைச் சேமிக்கவும்' என்று பெட்டி கேட்டது. அவள் சேமிக்கவில்லை. அதற்குள் எந்தப் பேரும் இல்லை, எந்த ஊரும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. பிரவீனாவுக்கு நிம்மதியாக இருந்தது.

யோசித்தால், இந்தக் காரே ஒரு வாய்ப்பூட்டுதான். குணசீலனின் தங்கை தனப்பிரியா வீட்டை விட்டுப் போன அடுத்த மாசம், "ஆபீசுக்கு பஸ்சுல போய்ச் சீரழியாத" என்று மாமனார் சென்னியப்பன் கேட்காமலே வாங்கிக் கொடுத்தார். பிரவீனா அப்போது நிறையக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தனா ஓசூரில் வேலை செய்த ஒரு பையனை விரும்பினாள். அவன் யார் வீட்டுப் பையன் என்பதை இந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லக்கூட இல்லை, அவ்வளவு ஆங்காரம். தனாவின் போனைப் பிடுங்கி உடைத்தார்கள். பிரவீனா தன் பழைய போனை எடுத்து, அதற்குத் 'தனாக்குட்டி' என்று பேர் வைத்து, தவிட்டு மூட்டைக்குள் ஒளித்துக் கொடுத்தாள். தாலி கட்டிக்கொண்டு வந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி தனா. "நங்கையா, நங்கையா" என்று அண்ணியை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவாள். மேச்சேரியில் பிரவீனாவின் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. "நான் இல்லாதப்பப் போயிரு, அப்பத்தான் என்மேல சந்தேகம் வராது. போயிச் சேந்ததும் ஒரு போன் பண்ணு" என்று தனாவிடம் சொல்லிவிட்டுப் பிரவீனா ஊருக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது மாமனாரின் தலை ஈரமாக இருந்தது. குணசீலன் தலையும் ஈரமாக இருந்தது. "ஓடிட்டா சாமி. தலை முழுகிட்டோம். இனி அவ பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம்" என்றார் சென்னியப்பன். ஓடிப்போன பெண்ணைச் செத்தவளாக எண்ணித் தலைக்கு ஊற்றிக்கொள்வது இந்தப் பக்கம் நடக்கிறதுதான். கோபம், கொஞ்ச நாளில் தணியும் என்று பிரவீனா நினைத்தாள். உள்ளுக்குள் சிரிக்கக்கூடச் செய்தாள். போய்விட்டாள் தனா, ஜெயித்துவிட்டாள்.

ஆனால் போன் வரவில்லை. ஒரு மாசம், ரெண்டு மாசம், ஒரு ஆடி, இன்னொரு ஆடி. அந்த எண் அணைந்தே கிடந்தது. காத்திருப்பு கசப்பாகத் திரிந்தது. காரியம் முடிந்ததும் கைகழுவிவிட்டாள், நன்றி கெட்டவள் என்று பிரவீனா மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. திட்டும்போதெல்லாம், எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்பதும் அதற்குள் இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டில் சோறு தின்றாள்.

கொட்டாய்க்குள் வண்டியை விட்டு அணைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திரை கறுத்தது. பிரவீனா மூச்சை விட்டாள். தூரத்தில் கோழிப்பண்ணை மின்விசிறிகள் சுற்றும் ஓசை கேட்டது. அவ்வளவுதான். பையை எடுத்தாள்.

திரை விழித்தது.

மண் வாசம் வந்தது. ஈரம். பழைய பெட்டியில் வந்த அதே வாசம். திரையின் நடுவில், அவளே தன் விரலால் தட்டி வைத்த பேர், தமிழில்: தனாக்குட்டி இணைந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். தனா வந்துவிட்டாள்! பக்கத்தில்தான் எங்கேயோ ஒளிந்து நிற்கிறாள். தினமும் வந்து நின்றிருக்கிறாள், கூப்பிடப் பயந்துகொண்டு. பிரவீனா இறங்கி ஓடினாள். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தாள். வெளியே சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் பார்த்தாள். "தனா! நான்தான் சாமி, வெளிய வா" என்று தணிந்த குரலில் கூப்பிட்டாள். சோளத்தட்டு சரசரத்தது. யாரும் இல்லை.

வண்டியில் ஏறிப் பின்னால் எடுத்தாள். கொட்டாயைத் தாண்டியதும் பேர் மறைந்தது. முன்னால் விட்டாள். வந்தது. மறுபடி பின்னால். மறைந்தது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கொட்டாயின் நட்ட நடுவில், வண்டி தினமும் நிற்கிற இடத்தில்தான் அந்தப் பேர் ஆடாமல் அசையாமல் நின்றது.

செவுத்துக்கு அந்தப் பக்கம் வரைக்குந்தான் எட்டும்.

செவுரு இல்லை. தரை இருக்கிறது.

சிமெண்டுத் தரை. குணசீலன் போட்டது. அதற்கு முன்னால் இங்கே ஒரு பழங்கிணறு இருந்தது, தண்ணீர் வற்றியது. அவள் மேச்சேரிக்குப் போய் வந்த அந்த வாரத்தில் மூடியிருந்தார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த கிடா அதற்குள் விழுந்து நாறிப்போச்சு என்றார் மாமனார். டிப்பர் டிப்பராக மண் வந்தது. பாவம் கிடா என்று அவள் அழுதுகூட இருக்கிறாள். மாமியார் காளியாத்தாள் மட்டும் இன்றுவரை இந்தக் கொட்டாய்க்குள் கால் வைத்ததில்லை. சுற்றிக்கொண்டுதான் போவாள்.

ஈரத் தலைகள்.

கோபத்தில் முழுகிய தலை இல்லை அது.

பிரவீனாவின் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. நன்றி கெட்டவள் என்று எத்தனை தடவை திட்டினாள். அவளுக்கு மேலேயே வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு.

"என்ன சாமி, வண்டிய முன்னயும் பின்னயும் ஓட்டிட்டிருக்கறே?"

சென்னியப்பன் கொட்டாய் வாசலில் நின்றார். பின்னால் குணசீலன். அவள் சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடினாள். விரலிடுக்கில் நீலம் கசிந்தது.

"ஒன்னுமில்லீங் மாமா. புதுசும் அணைய மாட்டேங்குது. நாளைக்கே மறுபடி கொண்டு போறனுங்க."

"வாரண்டில மாத்தியுமா?" குணசீலன் உள்ளே வந்தான். "எங்க, கைய எடு."

"வேண்டாங்க..."

"கைய எடு அம்மிணி."

எடுத்தாள். அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அப்படி ஒரு போன் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அது அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"என்னடா?" என்றார் வாசலில் நின்றவர்.

"ஒன்னுமில்லீங்கப்பா. இந்தப் பொட்டியே நமக்கு வேண்டாம்." டூல் பெட்டியைத் திறந்து ஸ்குரூடிரைவரை எடுத்தான்.

"நாம கைய வெச்சா வாரண்டி போயிருமுங்க" என்றாள். அந்த நேரத்தில் வேறு எந்தச் சொல்லும் அவள் வாயில் வரவில்லை.

"போனாப் போவுது."

நெம்பினான். பிளாஸ்டிக் உடைந்தது. பெட்டியை இழுத்து, வயரை அறுத்து, வெளியே வீசினான். திரை கல்லில் பட்டு நொறுங்கிற்று. டேஷ்போர்டில் சதுரமாக ஒரு பொந்து. உள்ளே இருட்டு. தொங்குகிற வயர்கள். அந்தப் பொந்திலிருந்து ஈர மண் வாசம்.

குணசீலன் ஸ்குரூடிரைவரை டூல் பெட்டிக்குள் போட்டான்.

ரிங் அடித்தது.

கதவு ஸ்பீக்கரில். நாலு கதவிலும். பெட்டி இல்லை, வயரும் அறுந்து தொங்குகிறது. ரிங் அடித்தது. குணசீலன் பின்னால் நகர்ந்து தூணில் முட்டிக்கொண்டான். யாரும் எடுக்கவில்லை. எடுக்க எதுவும் இல்லை.

தானாக எடுத்தது.

மூச்சு கேட்டது. மண்ணுக்குள் வாய் வைத்து இழுக்கிற மூச்சு. பிறகு குரல். கோபமில்லாமல், அழுகையில்லாமல், அடுப்படியில் தண்ணி கேட்கிற மாதிரி.

"நங்கையா... வண்டியக் கொஞ்சம் நகத்துங்க. தலைமேல பாரமா இருக்குது."

பிரவீனா ஸ்பீக்கரைப் பார்த்தாள். குரல் அங்கிருந்துதானே வந்தது.

அப்பனும் மகனும் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. இருவரும் தரையைப் பார்த்தார்கள். முன்சக்கரத்துக்கு அடியில், ஒரே இடத்தை.

பிறகு இருவரும் சேர்ந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.