மஞ்சள் கதவு

டிசைனர் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். எல்லா அறையிலும் ஒரே பழுப்பு.

"வீடு கல்லு மாதிரி இருக்கு மேடம். நிறம்தான் சோறு தண்ணி இல்லாம கெடக்கு" என்று சிரித்தாள்.

பெற்றோர் காலத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்த வீடு. சீராக்கிவிட்டுக் கணவனோடு குடிவர நினைத்திருந்தாள் வீட்டுக்குச் சொந்தக்காரியான அவள்.

கூடத்தின் கோடியிலிருந்த சின்ன அறைக்கு வந்ததும் டிசைனரின் சிரிப்பு நின்றது. கதவுக்கு வெளியே கனத்த இரும்புத் தாழ்ப்பாள். உள்ளே ஒன்றுமில்லை. கதவின் உட்புறத்தில், தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து, மரம் வழவழவென்று குழிந்திருந்தது.

"இது யாரோட ரூம்?"

"சாமான் போட்டு வைக்கிறது."

சொன்னதும் அவளுக்குக் காது சுட்டது. அது அக்காவின் விரல் முட்டி பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம்.

சிரித்தால் அக்காவுக்கு வாய் கோணும், எச்சில் வழியும். யாராவது வந்தால் அம்மா அவளை இங்கே உட்காரவைப்பாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு இப்படிச் சொல்வது தங்கையான இவள் வேலை. "விருந்தாளி வந்திருக்காங்க. சத்தம் போடாத, என் கண்ணுல்ல." கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மெதுவாக இரண்டு தட்டு கேட்கும். போய்ட்டாங்களா என்று அர்த்தம். போய்விட்டால் இவளும் இரண்டு தட்டு தட்டித் திறக்கவேண்டும். சில நாள் விளையாட்டில் மறந்துவிடுவாள்.

அக்கா இறந்தபிறகு வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. புகுந்த வீட்டாருக்குத் தெரிந்து இவள் ஒரே பெண்.

"இதைப் படிக்கிற ரூமா மாத்திடலாம். முழுக்க மஞ்சள். கதவை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க, வீட்டோட முகமே அதுதான்."

"தாழ்ப்பாளை எடுத்துடுங்க" என்றாள் அவள்.

தச்சர் அதைப் பிடுங்கி, ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தார். மேலே மஞ்சள் ஏறியது. அந்தக் குழி மட்டும் காயவேயில்லை. எத்தனை முறை தேய்த்துப் பூசினாலும் காலையில் ஈரமாக இருந்தது.

"பழைய மரம்மா. எங்கயோ தண்ணி கோத்திருக்கு."

அவள் குனிந்து முகர்ந்தாள்.

எச்சில் வாடை.

குடிவந்த வாரம், பகல் வெளிச்சத்தில், நாத்தனார் தன் சிநேகிதிகளோடு வீடு பார்க்க வந்தாள்.

"என்ன, கதவுக்கு மஞ்சக்காமாலையா?" எல்லோரும் சிரித்தார்கள். "ஒத்தப் பொண்ணு. பங்குக்கு ஆளில்ல, இஷ்டத்துக்குப் பூசுறா."

மூடியிருந்த கதவுக்குள்ளிருந்து இரண்டு தட்டு.

சிரிப்பு அடங்கியது.

"உள்ள யாரு?"

ஒரு சொல் போதும். அது நாக்கின் நுனிவரை வந்தது. நாத்தனாரின் உயர்ந்த புருவத்தைப் பார்த்தாள்.

"யாருமில்ல அண்ணி. பழைய மரம், வெயிலுக்கு விரியுது."

மறுபடி இரண்டு தட்டு. முன்னைவிட மெதுவாக.

அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. அவர்கள் காப்பி குடித்து முடித்துக் கிளம்பும்வரை அவள் முகத்தில் சிரிப்பைப் பிடித்துவைத்திருந்தாள்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து மஞ்சள் கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

"போய்ட்டாங்கக்கா. வெளிய வா."

திறந்தாள். வெயில், புத்தக அலமாரி, புது நாற்காலி. யாருமில்லை. உள்ளே போய்க் குழியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

வெளியே இரும்பு இரும்பை உரசியது.

தாழ்ப்பாள் இல்லாத கதவு.

தள்ளினாள். அசையவில்லை.

மரத்துக்கு அந்தப்பக்கம், ஈரமான வாயொன்று ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சொன்னது.

"விருந்தாளி... வந்திருக்காங்க. சத்தம் போடாத. என் கண்ணுல்ல."

அவள் சத்தம் போடவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, விரலை மடக்கி, அந்த ஈரக் குழியில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள்.