டாக்டர் வீட்டுத் துணி

"உங்கண்ணன் வேன் கொண்டு வந்தப்பவே ஏறிப் போயிருக்க வேண்டியதுதானே? உன்னை யாரு பிடிச்சு வெச்சா?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் ஈரத்துணி வாளியோடு மாடியேறினாள். குண்டு விழும் சத்தம் ஒரு வாரமாக நெருங்கிக்கொண்டே வந்தது. குழந்தைக்காகவாவது ஊரைவிட்டுப் போகலாம் என்று அவள் கெஞ்சாத நாளில்லை. பிறந்த வீட்டுக்குப் போக அவளுக்குச் சண்டை ஒரு சாக்காம்! அத்தையை விட்டுப் போக மனமில்லாமல் அண்ணனைத் திருப்பி அனுப்பியவளுக்குக் கிடைத்த பட்டம் அது.

மாமியாரும் பின்னாலேயே வந்தாள். "அங்க பாரு, எதிர்வீட்டு டாக்டர் மாடியில துணி காயுது. நாலும் தெரிஞ்ச மனுஷன், அவரே இருக்கார். நமக்கென்ன கேடு?"

மருமகள் பார்த்தாள். மூன்று நாளாக அதே நீலத் துண்டு, அதே சட்டை. நேற்று பெய்த மழையிலும் யாரும் எடுக்கவில்லையே...!

வாளியை வைத்துவிட்டு ஓடினாள். டாக்டர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. கொடித்துணியை எடுக்கக்கூட நிற்காமல் போயிருக்கிறார்கள்.

அவள் திரும்பி மாடிக்கு வருவதற்குள், பெட்ரோல் தேடிப் போன கணவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"ஆத்துப் பாலம் போயிடுச்சும்மா... குண்டு போட்டுட்டாங்க. இனி வெளிய போக வழியில்ல."

"டாக்டர் குடும்பம் எப்பவோ போயாச்சு, அத்தை" என்றாள் மருமகள்.

"அய்யோ! உன் பேச்சைக் கேட்டிருந்தா குழந்தையாவது தப்பிச்சிருக்குமேடி... பாவி நான்!" மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். இந்த அணைப்புக்காகப் பன்னிரண்டு வருஷம் ஏங்கியவள், இன்று, தான் சொன்னது பொய்யாகப் போயிருக்கக் கூடாதா என்று அழுதாள்.

"அழாதீங்க அத்தை... தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன?"

"அக்கா!" பின்வீட்டு மாடியிலிருந்து தையற்காரர் மனைவி கூப்பிட்டாள். அவளுக்கு எட்டாம் மாதம். "நேத்தே கிளம்பலாம்னு அவர் குதிச்சார். 'அக்கா தினமும் துணி காயப்போடுறாங்க, அவங்க இருக்கும்போது நமக்கென்ன'ன்னு நான்தான் தடுத்தேன். நல்லவேளை, நீங்க இருக்கீங்க!"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இவளைக் குத்தம் சொல்லாதம்மா. இவ போகத்தான் சொன்னா. பிடிச்சு வெச்சது நான்... பாலம் போயிடுச்சாம்."

"எந்தப் பாலம்?" என்றாள் தையற்காரர் மனைவி.

ஊருக்கு இருந்ததே ஒரு பாலம்தான்.