இரு கரைக்கும் ஒரே தலைவன்

மில்கோவ் ஓடை ஃபொக்ஷானி ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடியது. வடகரை மொல்தாவியா, தென்கரை வலாக்கியா. பேச்சு ஒன்று, ரொட்டி ஒன்று, போடுகிற சண்டைகூட ஒரே மாதிரிதான். நாடுகள் மட்டும் இரண்டு.

புத்தாண்டுக்கு முந்தின நாள் இரு கரைப் பிள்ளைகளும் ஓர் ஏரை அலங்கரித்து, மாடு பூட்டி, சாட்டை சொடுக்கி, வீடு வீடாக வாழ்த்துப் பாடுவார்கள். ஏர் வடகரையில் இருந்தது, மாடுகள் தென்கரையில்.

1858ஆம் ஆண்டின் முடிவில் அதற்கும் வந்தது வினை. இரண்டு நாடும் சேரட்டும் என்றது பிரான்ஸ். கூடவே கூடாது என்றன துருக்கியும் ஆஸ்திரியாவும். இழுபறிக்குப் பின், நாட்டுக்கு ஒரு சபை, ஓர் அரசர் என்று வல்லரசுகள் எழுதிக் கையெழுத்திட்டன.

பிள்ளைகள் சேர்ந்து பாடினால் நாடுகளே சேர்ந்ததாகிவிடுமோ என்று ஊரின் இரு கரை அதிகாரிகளும் பயந்தார்கள். பாட்டுக் குழுவும் கரைக்கு ஒன்று, தலைவனும் கரைக்கு ஒருவன், தலைவன் பெயரைச் சீட்டில் எழுதித் தர வேண்டும், அவன் குழுவைவிட்டு நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வடகரையில் தலைவன் சாண்டுதான். பத்து வயது. அதற்காக ஆட்டுக் கொட்டகையில் ஒரு வருடமாக வாழ்த்துப் பாட்டைக் கத்திப் பழகியிருந்தான். சீட்டில் தன் பெயரை எழுதப் போனவன் நிறுத்தினான். மாடில்லாமல் ஏர் எப்படி நகரும்? பாலத்தைத் தாண்டி ஓடினான்.

தென்கரைத் தலைவன் மத்தேய்க்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"என்ன, மாடு வேணுமாக்கும்?" என்றான் மத்தேய்.

"உன் பேரு வேணும். எங்க சீட்டுலயும் உன்னையே எழுதுறேன். கரைக்கொரு தலைவன்னுதானே சொன்னாங்க? ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

"அப்ப நீ?"

"நான் சாட்டை சொடுக்குறேன்." சாண்டு சீட்டில் மத்தேயின் பெயரை எழுதினான்.

வடகரைப் பிள்ளைகள் முறைத்தார்கள். ஏரை நாமே இழுக்கலாமா என்று சாண்டு கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

அதிகாரிகள் பாலத்தில் நின்று இரண்டு சீட்டையும் படித்தார்கள். ஒருவர் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். தலைவன் எந்தக் குழுவையும் விட்டு நகரக் கூடாது. அப்படியானால் இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும். தாங்கள் போட்ட விதியில் தாங்களே சிக்கிக்கொண்டு, வழிவிட்டார்கள். அன்று சாண்டுவின் சாட்டைச் சத்தம் இரு கரையிலும் கேட்டது.

ஜனவரி கடைசியில் சாண்டுவின் அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். மொல்தாவியா சபை தேர்ந்தெடுத்த அதே மனிதரை வலாக்கியா சபையும் தேர்ந்தெடுத்துவிட்டதாம்.

"ரெண்டு நாட்டுக்கும் ஒரே அரசர்டா! வல்லரசுங்க எழுதின காகிதத்துல அதைத் தடுக்க ஒரு வரிகூட இல்லியாம்."

சாண்டு ரொட்டியை மென்று விழுங்கினான்.

"இதுக்காப்பா இவங்களுக்கு இவ்வளவு நாளாச்சு?"