தும்மியவன்

அழகம்மா சொல்லாத ஒரு சொல்லைத் தர்மராஜா சிங்களத்தில் சொல்லிவிட்டான்.

காணாமல் போனவர்களை விசாரிக்கும் குழு, 1995 ஐப்பசியில் மாத்தளை மண்டபமொன்றில் அமர்ந்திருந்தது. சாட்சிகளின் தமிழைச் சிங்களத்தில் பெயர்த்துச் சொல்வது தர்மராஜாவின் வேலை. தகரக் கூரையில் பிற்பகல் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, ஈரக் குடைகளின் வாடையும் தட்டச்சு மையின் நெடியும் கலந்து, வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்த பெண்களின் மூச்சோடு சேர்ந்து சுவர்களில் வியர்வையாக வடிந்தன.

அழகம்மாவின் கணவன் கலேவெலச் சந்தையில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றியவன். எண்பத்தொன்பதில் அங்கேதான் இராணுவத்தினர் அவனைப் பிடித்தார்கள்.

"எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாங்க. ஜீப்புல ஒருத்தன், தலையில சாக்கு மாட்டி உக்காந்திருந்தான். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை."

"தலையில் மிளகாய்ச் சாக்கு மாட்டிய ஒருவன்" என்று பெயர்த்தான் தர்மராஜா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மிளகாய் என்று அவள் சொல்லவில்லை.

ஆறு வருடமாகத் தர்மராஜா தனக்குத்தானே சொல்லிவந்த கதை அது. சந்தேகத்தில் அவனைப் பிடித்து மூன்று நாள் அடித்தார்கள். ஒருவனையாவது தலையாட்டிக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று சாக்கை மாட்டினார்கள். சாக்கில் மிளகாய்த் தூள். தும்மினான். தலை ஆடியது. ஆமென்று எடுத்துக்கொண்டார்கள். மனைவி மீனாம்பிகைக்கும் இது தெரியாது. சொல்லிச் சொல்லி, அந்தத் தும்மலின் எரிச்சல் மூக்கிலேயே தங்கிவிட்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் முறை வந்துச்சு..." அழகம்மா நிறுத்தினாள்.

தர்மராஜாவின் வாய் நிற்கவில்லை. "சாக்குக்காரன் தும்மினான்" என்றது சிங்களத்தில். "தலையாட்டவில்லை. தும்மினான்."

தட்டச்சு ஓய்ந்தது.

"எனக்கும் சிங்களம் வெளங்கும் ஐயா." அவள் குரல் உயரவில்லை. "அவன் தும்மவே இல்லீங்க. அஞ்சடி தள்ளி நின்னேன். மெதுவா, ரெண்டு தரம் தலையாட்டுனான். அப்புறம் தமிழ்ல தண்ணி கேட்டான். குடுத்தாங்க. சாக்கைத் தூக்கிக் குடிச்சான்."

"என்ன சொல்கிறாள்?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

தண்ணீர். அலுமினியக் கோப்பை. குளிர்ந்த தண்ணீர். எவ்வளவு இனிப்பாக இருந்தது! அதற்கு முன்னால் எந்தத் தும்மலும் இல்லை.

"பெயர்த்துச் சொல்லுங்கள்."

வாய் திறந்தான். மூச்சு வெளியே போகவில்லை. சூடாக முகத்திலேயே திரும்பி மோதியது.

மண்டபம் சுருங்கியது. இரண்டு வட்டமாயிற்று. ஒன்றில் அழகம்மாவின் ஒரு கண். மற்றதில் இன்னொன்று.

கன்னத்தைத் தொட்டான். சொரசொரத்தது.

சணல்.

கழுத்தில் விளிம்பைத் தேடினான். முடிச்சைத் தேடினான். நகத்தால் கிளறினான். இரத்தம் வந்தது. விளிம்பு இல்லை. முடிச்சு இல்லை.

இழைகள் தோலிலிருந்தே முளைத்திருந்தன.