மூலைக் கட்டத்தில் நிற்பவள்

கம்ப்யூட்டரைக் கைக்குழந்தையைப் போல மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் முபின் அடி அண்ணாமலை கிராமத்துக்கு வந்து இறங்கியபோது மத்தியானம் பன்னிரண்டு மணி. பௌர்ணமிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. கிரிவலப் பாதையில் ஆளரவமே இல்லை. வெயிலில் தார் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அந்த அமைதிக்காகத்தான் அவன் டவுனை விட்டு மலைக்குப் பின்னால் வந்திருந்தான்.

வீட்டுக்காரர் மண்ணாங்கட்டி களத்தில் காய்ந்துகொண்டிருந்த வேர்க்கடலையைக் காலால் கிளறிவிட்டு வந்து, மாடி அறையைத் திறந்து காட்டினார். ஒரே கதவு, ஒரே ஜன்னல். காரை உதிர்ந்த பழுப்புச் சுவர்.

"இதுக்கு முன்னாடி இங்க யாருங்க இருந்தாங்க?"

"யாரும் இல்லப்பா. மல்லாட்ட மூட்டதான் அடுக்கி வெப்போம். ஆளுங்க யாரும் தங்குனதில்ல." களத்தில் கிடந்த கடலையைக் கைகாட்டிவிட்டு அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நீ இன்னா வேல பண்ணப்போற?"

"வீடியோ கேம் ஆடுவேங்க. ஆடறதயே பேசிக்கிட்டே படம் புடிச்சி நெட்ல போடுவேன்."

"அத யாரு பாப்பாங்க?"

கேலியில்லாமல்தான் கேட்டார். ஆனாலும் முபினுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இரண்டு வருடமாக அவன் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியபோது அவனுக்கு வயது இருபத்தொன்பது. இதுவரை முந்நூற்று நாற்பது வீடியோ போட்டிருந்தான். ஒன்றை முப்பது பேர் பார்த்தால் பெரிய விஷயம். முதல் அரை நிமிடத்திலேயே ஆளை இழுக்க வேண்டும் என்றார்கள் இதில் ஜெயித்தவர்கள், இழுத்துப் பார்த்தான். வெறும் மௌனம் வரும் இடங்களையெல்லாம் வெட்டு என்றார்கள், வெட்டினான். திரையின் மூலையில் சின்னக் கட்டம் போட்டு அதில் உன் முகத்தைக் காட்டு, ஊருக்குப் பேசாமல் ஒரே ஒரு சிநேகிதனிடம் பேசுவது போலப் பேசு என்றார்கள். அதையும் செய்தான். பார்க்கிறவர்கள் எந்த நொடியில் விலகிப் போகிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. அவனுடைய கோடு எப்போதும் கிணற்றில் விழுந்த கல் மாதிரிதான் இறங்கும்.

தெருவின் ஆட்டோ இரைச்சலால்தான் வீடியோ கெடுகிறது என்பது அவன் கடைசியாகப் பிடித்துக்கொண்ட நம்பிக்கை. அவன் மனைவி பிர்தௌஸ் தனியார் பள்ளியில் டீச்சர். "மூணு மாசம். அதுக்கப்புறம் எங்க மாமா கடைக்குப் போயிடணும், சரியா?" என்று கேட்டிருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான்.

ஜன்னலுக்குப் பழைய ரஜாய்ப் போர்வை இரண்டை ஆணியடித்து மாட்டினான். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே திரை வெளிச்சம் தவிரக் கும்மிருட்டு. சத்தம் பதிவாகும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவான். கடலைத் தூசியும் பழைய சாக்கும் கலந்த நெடியில், வெள்ளம் புகுந்த சுரங்கத்திலிருந்து ஒற்றை விளக்கோடு வெளியேற வேண்டிய ஒரு விளையாட்டை அவன் ஆட ஆரம்பித்தான்.

முதல் நான்கு வீடியோவிலும் பழைய கதைதான். ஐந்தாவதில் அந்தக் கோடு விழவில்லை.

ஏழாவது நிமிடத்தில் திடீரென்று மேடு கட்டி நின்றது. வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்தார்கள். முபின் அந்த நிமிடத்தைப் போட்டுப் பார்த்தான். மூலைக் கட்டத்தில் அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

கீழே ஓவியா என்ற பெயரில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அண்ணா, பின்னாடி நிக்கிற அக்கா யாரு?'

அவன் மறுபடி பார்த்தான். பழுப்புச் சுவர் மட்டும் இருந்தது.

'யாரும் இல்லயேமா' என்று பதில் போட்டான். மறுநாள் காலையில் அதன் கீழே இருநூறு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

அன்று வீட்டில் பிர்தௌஸிடம் போனைக் கொடுத்தான். சந்தோஷமாகத்தான் கொடுத்தான். அவள் பார்த்தாள். முகம் மெதுவாக மாறியது.

"யாருங்க இவ?"

"எவ?"

"நடிக்காதீங்க. பச்ச நைட்டி, தோள்ல துண்டு. குளிச்சிட்டு வந்து செவுத்தப் பாத்துத் தலை தொவட்டிக்கிட்டு நிக்குறா. இதுக்குத்தான் தனியா ரூம் எடுத்தீங்களா?"

அவன் சத்தியம் பண்ணினான். அவள் அழுதாள், கத்தினாள். கடைசியில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க, எனக்கு அந்த ரூமைக் காட்டுங்க" என்று கிளம்பினாள்.

மாடிக்கு ஏறும்போதும் அவளுக்குக் கோபம் தணியவில்லை. அறையில் ஒளிய இடமில்லை என்பதைப் பார்த்ததும் குழம்பி நின்றாள். பிறகு தன் போன் கேமராவைத் திறந்து, அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் படம் பிடிக்கத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

அவள் போன் திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து வெறும் சுவரைப் பார்த்தாள். மறுபடி திரையை.

"ஏங்க," என்றாள் குரலே இல்லாமல். "மெதுவா எழுந்து வாங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"இன்னா ஆச்சு?"

"தொவட்டறத நிறுத்திட்டா. நம்ம பேசறதக் கேக்குறா."

ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அவன் கையை விடவில்லை. நாளைக்கே காலி பண்ணிவிட வேண்டும் என்றாள். சரி என்றான்.

காலி பண்ணவில்லை.

இரண்டு வருடமாகச் செவிட்டுக் கதவைத் தட்டியவனுக்கு இப்போதுதான் கதவு திறந்திருந்தது. வேலை தேடுவதாகச் சொல்லிவிட்டு அவன் தினமும் மத்தியானம் மாடி ஏறினான். பயமில்லாமல் இல்லை. ஆனால் அவனுக்குத்தான் எதுவும் தெரியவில்லையே! தெரிந்ததெல்லாம் ஒரு வாசனை மட்டும். ஆடத் தொடங்கிச் சற்று நேரத்தில், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் நின்றால் வருமே, சோப்பும் ஈரமும் கலந்து, அந்த வாசனை அந்தப் புழுக்கத்தில் மெல்ல வரும்.

மூலையில் இருந்த கட்டத்தைப் பெரிதாக்கினான். மௌனங்களை வெட்டுவதை நிறுத்தினான். மௌனத்தில்தான் கோடு மேலே ஏறியது.

அவள் எங்கே இருக்கிறாள் என்பதைப் பார்க்கிறவர்கள் எழுதித்தான் அவனுக்குத் தெரியும்.

'அக்கா இன்னிக்கு இந்தப் பக்கம் திரும்பிட்டாங்க.'

'துண்டக் கீழ போட்டுட்டாங்க.'

'அண்ணா, உங்க சேர் மேல கை வெச்சிருக்காங்க.'

மறுநாள் அவன் முதுகை நாற்காலியில் சாய்க்காமலே ஆடி முடித்தான்.

அடுத்த வாரம் அந்தச் சுரங்க விளையாட்டை ஒரு தடவைகூடச் சாகாமல் முடித்தான். அதை அப்படி ஆடியவர்கள் மிகக் கொஞ்சம். கடைசிப் படியேறி வெளிச்சத்துக்கு வந்தபோது அவன் சந்தோஷத்தில் கத்திவிட்டான். வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ஆயிரத்து நூறு பேர் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் படித்தான். ஒருவர்கூட விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 'நடுவுல தலைய ஆட்டாதீங்க, அக்காவ மறைக்குது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

முபின் அதை நாலைந்து முறை படித்தான். ஜுரம் வந்தது போல உடம்பு கொதித்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு, முதல் தடவையாக அந்த இருட்டைப் பார்த்துப் பேசினான்.

"இது என் சேனல். ரெண்டு வருஷமா நாயா ஒழச்சிருக்கேன். எல்லாரும் உன்னயே பாக்குறாங்க. என்னை யாரும் பாக்கல. கொஞ்சம் தள்ளி நில்லேன்! என் எடத்த எனக்கு வுடு!"

வாசனை சட்டென்று நின்றுபோனது.

அவளை விரட்டிவிட்டேனோ? அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குப் பகீரென்றது. அவள் போய்விட்டால் கோடு விழுந்துவிடும். மறுபடி முப்பது பேர். மாமா கடை.

"இல்ல, இல்ல," என்றான் அவசரமாக. குரல் கெஞ்சியது. "கோவத்துல சொல்லிட்டேன். போயிடாத. எங்க வேணும்னாலும் நின்னுக்க."

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, அவள் இருக்கிறாளா இல்லையா என்று உடனே தெரிந்துகொள்ள, நேரலையில் வந்தான். ஐந்தே நிமிடத்தில் ஆறாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். அக்கா இருக்காங்களா? எங்க நிக்கிறாங்க, சொல்லுங்க."

நேரலையில் வழக்கமாக வெள்ளம் போல ஓடும் பார்வையாளர்களின் எழுத்துகள் சற்று நேரம் வரவேயில்லை. பிறகு ஒன்று வந்தது.

'நிக்கல. உக்காந்திருக்காங்க.'

"எங்க?"

'சேர்ல.'

அவன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். கைப்பிடியை இறுகப் பிடித்தான்.

'அண்ணன் எங்க போனாரு?'

'மவுஸ் அக்கா கையில இருக்கு.'

"நான் இங்கதான் இருக்கேன். தெரியலையா? இதோ, கைய தூக்குறேன் பாருங்க."

'அக்கா கை தூக்குறாங்க.'

அவன் திரையைப் பார்த்தான். கட்டத்தில் அவன் முகம்தான் தெரிந்தது. வியர்வை வழிய, வாய் திறந்து, அவன் முகமேதான்.

'அக்கா சிரிக்கிறாங்க.'

அவன் சிரிக்கவில்லை.

"என்னைத் தெரியலன்னா குரலாவது கேக்குதா? நான் முபின் பேசறேன்! என் குரல் கேக்குதா?"

எழுத்துகள் மறுபடி நின்றன. ஒரே ஒரு வரி வந்தது. எழுதியவள் அந்த ஓவியாதான்.

'அக்கா, நீங்க எதுக்கு முபின் அண்ணன் பேரைச் சொல்றீங்க?'

நாற்காலி கவிழ்ந்தது தெரியாமல், செருப்பில்லாமல், படியில் தடுக்கி விழுந்து எழுந்து அவன் களத்துக்கு ஓடி வந்தான். வெயில் சுள்ளென்று கண்ணில் அடித்தது. மண்ணாங்கட்டி மரப்பலகையால் கடலையைக் குவித்துக்கொண்டிருந்தார். முபின் அவருக்கு முன்னால் போய் நின்றான். அவர் தன்னைத் தாண்டி வேறெங்கோ பார்த்துவிடுவாரோ என்று அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவர் நிமிர்ந்தார். "இன்னாப்பா முபினு, மூஞ்சியெல்லாம் இப்டி வேத்து ஊத்துது?"

முபின் சுடும் களத்தில் அப்படியே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

மண்ணாங்கட்டியின் போனிலிருந்து கூப்பிட்டதும் பிர்தௌஸ் பள்ளியிலிருந்து நேராக ஓடி வந்தாள். பொய் சொன்னதற்குத் திட்டவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "நீங்கதான். எனக்கு நல்லாத் தெரியுது. நீங்கதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கேயே உட்கார்ந்து அவள் போனிலேயே சேனலை அழித்தார்கள். முந்நூற்று அறுபத்தெட்டு வீடியோவும் போயின. கம்ப்யூட்டரை எடுக்க யாரும் மேலே போகவில்லை.

அதற்கப்புறம் ஏழு மாதம் அவனை யாரும் படம் எடுக்கவில்லை. மச்சினன் கல்யாணத்தில் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது பிர்தௌஸ்தான் ஏதோ காரணம் சொல்லி அவனை வெளியே அழைத்துப் போய்விட்டாள். பிர்தௌஸின் மாமா பிளைவுட் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்தான். நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். வாடிக்கையாளர்கள் "பாய்" என்று கூப்பிட்டு விலை கேட்கும்போது, தன்னைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள்.

விலாசம் மாறியதால் ஆதாரில் மாற்ற வேண்டி வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முபின் ஆதார் மையத்துக்குத் தனியாகப் போனான். சின்ன அறை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் துணி. தேவிப்ரியா என்று பெயர் அட்டை மாட்டிய பெண் தாளை வாங்கித் தட்டச்சு செய்தாள்.

"போட்டோவும் பழசா இருக்குது சார். புதுசா எடுத்துடலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. வெளியே வரிசையில் பேச்சுக்குரல், ஜன்னலில் பளிச்சென்று வெயில், டீக்கடையிலிருந்து வடை வாசனை. எத்தனை நாளைக்குத்தான் பயந்துகொண்டு கிடப்பது?

"எடுங்க," என்றான்.

ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தேவிப்ரியா கேமராவைச் சரி செய்துவிட்டு, தன் முன்னால் இருந்த திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அக்கா, போட்டோ சாருக்குத்தான். நீங்க எழுந்திரிங்க."

முபின் அசையவில்லை. அவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, உங்களத்தான். சிரிக்காதீங்க, எழுந்திரிங்க."